சீதன வீடும் புகுந்த வீடும்

யாழ்ப்பாணத்து அரியாலையில் கலியாண வீட்டில் ஆலாத்தி எடுக்க ஆள் தேடும்போது சில பெண்கள் சத்தமில்லாமல் குசினிப் பக்கம் போய்விடுவார்கள். போகும்படி எவரும் சொல்வதில்லை. உறவில் பிறந்த ஒரு பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் சடங்கு என்றால் பிந்தி வந்து முந்தி எழும்புவார்கள். கலியாணமாகி ஆறு மாதத்தில் தொடங்கும் "என்ன, ஒண்டும் இல்லையோ இன்னும்?" என்ற கேள்வி பத்தாம் ஆண்டளவில் ஓய்ந்துவிடும். கேட்ட நாட்களைவிடக் கேட்காமல் விட்ட நாட்களே அவர்களை அதிகம் நோகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் அதே கேள்வி "விசேஷம் ஏதும் உண்டா?" என்று வரும். "மலடி" என்ற சொல் இரு கரைக்கும் பொது. "மலடன்" அகராதியில் இருக்கிறது, வாயில் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேறின்மையைச் சந்திக்கிறார். பணக்கார நாடுகளில் 17.8 வீதம், ஏனைய நாடுகளில் 16.5 வீதம். குறைபாடு ஏறக்குறைய ஒரே அளவுதான். அதற்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு நடப்பவைதான் நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் மாறுகின்றன. தமிழ் பேசும் இந்த இரு நிலங்களுக்குள்ளேயே அந்த வேறுபாடு பெரிது. அவள் இருக்கும் வீடு யாருடையது என்பதில் அது தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும் எழுதுவது நெடுங்கால வழக்கம். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்துக் கொடுத்த வழமைச் சட்டமான தேசவழமை, சீதனத்தை மனைவியின் சொத்தாகவே வைத்தது. பிள்ளையில்லாமல் அவள் இறந்தால் அது கணவன் பக்கம் போகாமல் அவள் பிறந்த குடும்பத்துக்கே திரும்பும். இந்த வழமைக்குள் பெண்ணுக்குப் பாதகமானவையும் உண்டு. தன் காணியை விற்பதற்கு அவளுக்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஆனாலும் அரியாலையில் பிள்ளையில்லாத ஒருத்தி பெரும்பாலும் தன் பெயரில் உறுதி முடித்த வீட்டில் இருக்கிறாள். அடுத்த வளவில் தாய், வேலிக்கு அந்தப் பக்கம் தங்கை. மாமியாரின் பேச்சு அவளைத் தேடி வரவேண்டுமென்றால் ஒழுங்கை கடந்துதான் வரவேண்டும்.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் அவள் நகையோடும் ரொக்கத்தோடும் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். அந்த வீட்டில் அவளுக்கு இடம் தருவதே பிள்ளைதான். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010இல் காட்டிய பொன்னா அப்படிப்பட்டவள். கணவன் காளியின் அன்பு குறையாமல் இருந்தும், அவனுக்கு இரண்டாம் கலியாணம் என்ற பேச்சு அவளைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பங்காளிகளின் கண் நிலத்தில் இருக்கிறது. அந்த நாவல் திருச்செங்கோட்டில் நடக்கிறது. சீதன வளவுள்ள ஊரில் அது வேறு கதையாகியிருக்கும்.

சுவீகாரத்திலும் இதே வேறுபாடு தெரிகிறது. தேசவழமையின்படி பிள்ளை எடுக்க விரும்பும் கணவன் மனைவி முதலில் தங்கள் சகோதரங்களின் சம்மதத்தைப் பெறவேண்டியிருந்தது; பின்னர் மஞ்சள் தண்ணீர் குடிக்கும் சடங்கு. முதுசம் என்ற பரம்பரைச் சொத்துக்கு உரித்தாளிகள் அவர்கள் என்பதால்தான் அந்தச் சம்மதம். பிள்ளையைவிடக் காணியைப் பற்றிய கவலைதான் அதில் தூக்கல். இருந்தும் தம்பதியில் இருவரும் அல்லது ஒருவர் பிள்ளையை உரித்தாளியாக்கலாம் என்று அது இடம் வைத்தது. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்துத் தத்தெடுப்புச் சட்டமோ, கணவனோடு வாழும் மனைவிக்குத் தன் பெயரில் தத்தெடுக்கும் உரிமையைத் தரவில்லை. கணவன் எடுப்பான், அவள் சம்மதம் சொல்வாள். 2010இல்தான் அது திருத்தப்பட்டது. எங்கள் பேச்சுவழக்கில் இன்னொரு சலுகையும் உண்டு: தங்கையின் மகனைப் "பெறாமகன்" என்போம். பெறாவிட்டாலும் மகன். வயதான காலத்தில் பிள்ளையில்லாத பெரியம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வருபவன் பெரும்பாலும் அவன்தான்.

போர் இந்த வேலிகளைப் பிரித்தெறிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்து அரியாலையைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. அதற்குப் பிறகு கலியாணங்கள் பிந்தின. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு எழுதப்பட்ட பெண்கள் ஸ்பொன்சருக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். முப்பத்தைந்துக்குப் பின் கருத்தரிப்பு வேகமாகக் குறையும் என்பதை எந்தத் தூதரகமும் கணக்கிலெடுப்பதில்லை. காணியை இழந்த பெண்ணுக்குச் சீதன வீடு என்ற காவலும் போனது. புகுந்த வீட்டுப் பெண்ணின் நிலை அவளுக்கும் வந்தது.

குழந்தைப்பேற்று மருத்துவத்தில் சென்னை வெகு முன்னே நிற்கிறது. மருத்துவர் கமலா செல்வராஜின் முயற்சியில் அங்கே 1990இலேயே சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. இன்று பலாலியிலிருந்து விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னை. சில நாடுகளில் ஒரு சுற்றுச் சிகிச்சையின் செலவே ஒரு குடும்பத்தின் சராசரி ஆண்டு வருமானத்தைப்போல இரு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலானோருக்கு முதற் சுற்றில் கைகூடுவதுமில்லை. தமிழ்நாட்டில் நகை அடகுக்குப் போகிறது. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுச் சகோதரத்தின் காசு வரும். அதுவும் போதாவிட்டால் சீதனக் காணியை ஈடு வைப்பார்கள். பிள்ளையில்லாத காலத்தில் அவளுக்குக் காவலாய் நின்ற ஒன்றே ஒன்று, பிள்ளைக்காகக் கைமாறுகிறது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஏறத்தாழப் பாதித் தம்பதிகளில் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. அதைக் கண்டறியும் விந்துப் பரிசோதனை எளியது, மலிவானது, ஊசியில்லை, மயக்கமருந்தில்லை. ஆனால் இரு கரையிலும் ஸ்கானும் ஹோர்மோன் ஊசியும் கந்தசஷ்டி விரதமும் நயினாதீவு அம்மன் நேர்த்தியும் மனைவிக்கு முடிந்த பிறகுதான் கணவன் பக்கம் பார்வை திரும்புகிறது. சில வீடுகளில் திரும்புவதேயில்லை. காணி உறுதியை எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போக முன்னர், அந்த மனிதர் ஒருநாள் காலையில் ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டு வரலாம்.