கூச்சத்தின் வரலாறு



பிளவக்கல் அணையை அடுத்த கூமாப்பட்டியிலிருந்து பேருந்தேறி வெளியூர்க் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது: ‘கூச்ச சுபாவம்.’ வகுப்பில் வாய் திறப்பதில்லை, கருத்தரங்கில் எழுந்து நிற்பதில்லை என்கிறார்கள். அந்தக் கூச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதையே இந்த நினைவுரையில் பேச விரும்புகிறோம்.

1971இல் அமெரிக்க உளவியலாளர் பிலிப் ஸிம்பார்டோ ஸ்டான்ஃபோர்டில் இளைஞர்களைக் காவலர், கைதி எனப் பிரித்துச் சிறைச் சோதனை நடத்தினார். அதன் வழியாகவே கூச்சம் பற்றிய ஆய்வுக்கு வந்தார். கூச்சப்படுகிறவர் தமக்குத் தாமே காவலர், தாமே கைதி என்றார். அதைப் போக்கும் பயிற்சிகளையும் வகுத்தார்.

நமக்கோ காவலர் முதலில் வெளியே நின்றார். பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் மாணவர் அம்பேத்கரை ஆசிரியர் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னாலிருந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று சாதி இந்து மாணவர்கள் ஓடிப்போய் அவற்றை எடுத்தார்கள். அந்தச் சிறுவன் அப்போது தயங்கியிருந்தால் அதற்குச் சுபாவம் என்றா பெயர்? இங்கே பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது.

கூச்சம் தீரட்டும் என்று நம் முன்னோர் காத்திருக்கவில்லை. பேசுவதற்கான இடத்தைத் தாங்களே உண்டாக்கினார்கள். 1893இல் சீனிவாசனின் ‘பறையன்’, 1907இல் அயோத்திதாசரின் ‘ஒரு பைசாத் தமிழன்’, 1920இல் அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ என இதழ்கள் வந்தன. ‘மூக்நாயக்’ என்றால் வாயற்றோரின் தலைவன். 1930இல் அம்பேத்கரும் சீனிவாசனும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் நமக்காகப் பேசினார்கள்.

2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இன்று கல்லூரிகளில் பேச்சுத்திறனையும் வளர்க்கிறது. பயிற்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போகும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது தேவை. ஆனால் “கூமாப்பட்டியா? ஊருக்குள்ள எந்தத் தெரு?” என்று விடுதி அறைத் தோழன் கேட்கும்போது நம் பிள்ளை மௌனமாகிறானே, அது எச்சரிக்கை. அதைக் குறையென்று திருத்தப் போனால், கேட்டவனைக் குற்றமற்றவனாக்குகிறோம். பயிற்சி கேட்கிறவனுக்கும் வேண்டும்.

நம்மிடமிருந்தே தொடங்குவோம். நம் வாசிப்பு வட்டங்களிலும் மூத்தவர்களே, அதிலும் ஆண்களே, பேசி முடிக்கிறோம். இனி முதலாண்டு மாணவர்களும் மாணவிகளும் முதலில் பேசட்டும். அவர்கள் முடிக்கும்வரை நாம் குறுக்கிடாமல் கேட்போம்.

ஜெய்பீம்.