வழுவும் வழுவமைதியும்

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே கடல்நீரேரிக் கரையில் அமைந்த ஊர் கொழும்புத்துறை. முற்காலத்தில் பூநகரிக்குத் தோணியேறுவோர் வந்து கூடிய துறை அது. அங்கே ஒரு சிறு குடிலில் நெடுங்காலம் வாழ்ந்து, 1964 ஆம் ஆண்டில் சமாதியடைந்தவர் யோகர் சுவாமிகள். படித்தவரும் பாமரரும் அவரை நாடிச் சென்றனர். அவரோ யாழ்ப்பாணத்து வீடுகளிலே புழங்கும் தமிழிலேயே பேசினார். தம் குருவாகிய செல்லப்பா சுவாமிகளிடம் கேட்டு அடியார்க்கு வழங்கிய மகாவாக்கியங்களுள் ஒன்று, 'எப்பவோ' என்னும் சொல்லோடு தொடங்குகின்றது.

'எப்பொழுதோ' என்பதன்றோ ஏட்டு வழக்கு? ஆயினும் அதனைக் கைகூப்பிக் கேட்போர் எவரும் அச்சொல்லைத் திருத்த நினைப்பதில்லை. அதே சொல்லை ஒரு தோட்டக் கூலியாளின் மகன் வகுப்பறையில் எழுதினால் நகைப்பு எழுகின்றது. சொல் ஒன்றே, சொன்ன வாய்தான் வேறு. பல வேளைகளில் நாம் நகைப்பது பிழையை அன்று, பிறப்பையும் தொழிலையுமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இலக்கணமோ அவ்வாறு நகைக்குமாறு எவரையும் ஏவவில்லை. சொல்வழக்கை வழாநிலை, வழு, வழுவமைதி என மூவகையாக நோக்கினர் நம் முன்னோர். இலக்கணம் பிழையாது வருவது வழாநிலை. பிழைபட வருவது வழு. பிழையேயாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தன் பசுவைக் கண்டு மகிழ்ந்த ஒருவன் அதனை 'அம்மை வந்தாள்' என அழைத்தால், அஃறிணை உயர்திணையாயிற்றே என்று இலக்கணம் சினப்பதில்லை. உவப்பினால் வந்தது என அமைத்துக்கொள்கின்றது. தஞ்சாவூர் தஞ்சையானது போலச் சொற்கள் மக்கள் நாவில் தேய்ந்து திரிவதற்கும் மரூஉ எனப் பெயரிட்டு, இயல்பு வழக்கினுள் இடமளித்தது. சொன்னவன் உள்ளத்தை முதலில் நோக்குவதே இந்நெறியின் உயிர்நாடி எனலாம்.

மேலும், பிழையென ஒருவர் கருதுவது பழமையின் எச்சமாகவும் இருக்கக்கூடும். அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டெழுத்துகளாகத் தொல்காப்பியம் கூறும். தமிழகத்துப் பேச்சில் உகரச் சுட்டு மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலோ 'உவன்', 'உது', 'உங்கே' என்பன நாள்தோறும் ஒலிக்கின்றன. 'நான் வாறன்' என்பதைக் கேட்டு முகஞ்சுளிப்போரும் உளர். தன்மை ஒருமைக்குரிய விகுதிகளைத் தொகுத்த பவணந்தி முனிவர், ஏன் என்பதனோடு அன் என்பதையும் நன்னூலிலே சேர்த்து வைத்தார் என்பதை அவர்கள் மறந்தனர் போலும்.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்து இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். அத்துணை இலக்கணப் புலமை வாய்ந்தவர், 1940 இல் வெளியிட்ட 'நானாடகம்' என்னும் நூலில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழையே பாத்திரங்களின் வாயில் வைத்தார். கல்வெட்டின் திரிபையும் கமக்காரனின் பேச்சையும் ஒரே செவியால் கேட்கப் பழகிய அறிஞர் அவர்.

ஆயினும் 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகிலே மரபு பற்றிய பெரும் போராட்டம் மூண்டது. உழைக்கும் மக்களின் பேச்சு கதைகளில் இடம்பெறுவதைப் பண்டித மரபினர் சிலர் 'இழிசினர் வழக்கு' என இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சியில் மொழியைவிடச் சாதியின் குரலே ஓங்கி ஒலித்தது. யாழ்ப்பாணத்தில் சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டே எழுதிய டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' அக்காலத்திலே இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966 இல் 'மல்லிகை' என்னும் இதழையும் அவர் தொடங்கினார். இகழ்ச்சிக்கு அஞ்சி அவர் போன்றோர் எழுதாது விட்டிருந்தால், ஈழத் தமிழ் எத்தனை வாழ்க்கைகளை அறியாமலே போயிருக்கும்!

பிழை திருத்தல் வேண்டாமென்பது இதன் கருத்தன்று. எழுத்து வழக்கில் தேர்ச்சி பெறாத பிள்ளைக்குத் தேர்வும் தொழிலும் எட்டாக் கனிகளாகும். ஆதலின் திருத்தாது விடுதலும் ஒருவகைக் கொடுமையே. ஆயின், திருத்துதல் வேறு, எள்ளுதல் வேறு. 'வீட்டில் இவ்வாறு சொல்வோம். ஏட்டில் இவ்வாறு எழுதுவோம்' என்று கற்பிக்கும் ஆசிரியன் பிள்ளைக்கு இரண்டு வழக்குகளை அளிக்கின்றான். 'இது என்ன பேச்சு?' என்று நகைப்பவனோ அப்பிள்ளையிடம் இருந்த ஒன்றையும் பறித்துவிடுகின்றான். நகைப்புக்கு ஆளான பிள்ளை பிழையின்றிப் பேசக் கற்பதில்லை, பேசாதிருக்கவே கற்கின்றது.

வழுவமைதி என்றொரு சொல்லைப் படைத்த மொழி நம்முடையது. அதனைத் தேர்வுக்காக மனனம் செய்தாற் போதாது. பிறர் பேசக் கேட்கும்போதும் அதனைக் கைக்கொள்ளுதல் வேண்டும்.