வார் விழும் பள்ளம்

குதிரைக்குச் சேணம் தைப்பவன் நான். அளவெடுக்கும்போது முதுகைவிட முன்னங்காலுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தைத்தான் முதலில் தடவிப் பார்ப்பேன். நாம் எங்கே கட்டினாலும் வயிற்றுவார் கடைசியில் அந்தப் பள்ளத்தில்தான் போய் விழும். அது அக்குளை ஒட்டியிருந்து வயிறும் பருத்திருந்தால், வார் முன்னே நழுவும். கூடவே சேணத்தைத் தோள்மீது இழுத்துவிடும். தோல் உரியும், நடை குறுகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைக்குக் கப்பலில் வந்த ஆஸ்திரேலிய வேலர் குதிரைகளுக்கு ஆழமான நெஞ்சு. நியூ சவுத் வேல்ஸ் என்ற பகுதியின் பெயரிலிருந்தே அவற்றின் பெயர் வந்தது. அவை போய்ச் சேர்ந்த பட்டாளத்தில் ஒடுங்கிய நாட்டுக் குதிரைகளும் நின்றன. ஒரே வாரை எல்லாவற்றுக்கும் கட்டினால் யாருக்கு வலி? வாய் பேசாத பிராணிக்குத்தான்.

அதனால்தான் பிரிட்டிஷ் இராணுவத்தின் 1912 மாதிரிச் சேணத்தை நான் மதிக்கிறேன். அதில் வார் ஒரே இடத்தில் தொங்காது. முன்னும் பின்னுமாக இரண்டு பட்டைகள் கீழே ஒன்றுகூடி வாரைப் பிடிக்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால், வார் அந்தந்தக் குதிரையின் பள்ளத்துக்கு நேராக வந்துவிடும். போர்க்களத்தில் குதிரை இளைக்கும், முதுகின் வடிவம் மாறும். அதற்கும் வழி வைத்தார்கள்: முதுகுக்கு ஏற்ப அசைந்து கொடுக்கும் பலகைகள்.

இன்றும் பலர் வாரின் நீளத்தை மட்டும் சொல்லிக் கேட்கிறார்கள். குதிரையைக் கூட்டி வாருங்கள் என்பேன்.