உக்கிர பாண்டியனும் ஒரு மிளகாயும்

சரித்திரக் கதை எழுதுவது மிகவும் எளிது என்று நான் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். ஓர் அரசன், ஓர் ஒற்றன், இருவருக்கும் பொதுவாக ஒரு சுரங்கப் பாதை. இவை கிடைத்துவிட்டால் ஐம்பது வாரத்துக்குக் கவலை இல்லை. இந்த எண்ணத்திலிருந்து என்னை மீட்டவர் சங்கரன்கோவிலில் வசிக்கும் ஒரு பெரியவர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

எனக்கும் அதுவே சொந்த ஊர். ஆடித் தபசுக் கூட்டத்தில் அம்மாவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நசுங்கியவன் நான். காய்ச்சலோ சிரங்கோ, எது வந்தாலும் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிவிட்டுத்தான் டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். கோயில் உண்டான கதையும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். உக்கிர பாண்டியனின் யானை மண்ணில் தந்தத்தைக் குத்திப் புரண்டுகொண்டு எழ மறுத்ததும், அதே வேளையில் புன்னை வனத்துக் காவலன் புற்றை வெட்டி நாகத்தையும் லிங்கத்தையும் கண்டதும், அரசனுக்குச் செய்தி போனதும் எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குக் காக்கா நரிக் கதை மாதிரி.

பிற்காலத்தில் புத்தகங்கள் படிக்கத் தொடங்கியபோது, அகநானூற்றைத் தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப் பெருவழுதி என்று அறிந்தேன். மனம் துள்ளிற்று. உக்கிர பாண்டியன், உக்கிரப் பெருவழுதி! இரண்டு பெயரையும் ஒருவன் தலையிலேயே சூட்டி, சங்ககாலத்து மன்னனை யானை மீதேற்றி எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். தொடர்கதையும் தொடங்கிவிட்டது. ஐந்தாம் அத்தியாயத்தில் என் கதாநாயகன் கோயிலின் கல்தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பழைய சோற்றை மிளகாயைக் கடித்துக்கொண்டு உண்கிறான்.

பெரியவர் ஆள் விட்டு அழைத்தார். போனேன். திண்ணையில் பத்திரிகை விரித்தபடி கிடந்தது.

"தம்பி, கதை நல்லாத்தான் ஓடுது. அந்தப் பையனுக்கு மிளகாயை யார் கொடுத்தா?"

எனக்குப் புரியவில்லை.

"அது போர்த்துக்கீசியன் கப்பல்ல வந்த சரக்குல்லா? வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததே 1498-ல. உங்க பையன் அதுக்கு ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தினவன்."

"மிளகுன்னு மாத்திருதேன், அய்யா" என்றேன்.

"மிளகாயை மாத்திடலாம். கல்தூணை என்ன செய்யப் போறீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் கல்வெட்டி வைத்தது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதைப் புதுமை என்று அவன் பெருமைப்படுகிறான் என்றால், அதற்கு முந்திய கோயில்கள் எவற்றால் ஆனவை என்பது தெரிகிறது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய கழுகுமலையில் பாண்டியர்கள் பாறையைக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உக்கிரன் என்ற பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒருவனாகிவிட மாட்டான். எங்கள் கோயிலை எடுப்பித்ததாக ஊர் சொல்லும் பாண்டியன், சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியவன்.

அன்று இரவு நான் சொந்த ஊரைக் கதையிலிருந்து வெட்டி எடுத்தேன். பல்லைப் பிடுங்கியது போல் இருந்தது.

கதை சங்க காலத்திலேயே நடக்க வேண்டும் என்றால் போக வேண்டிய இடம் கொற்கை. திருநெல்வேலி போய், ஏரல் பஸ் பிடித்துப் போனேன். துறைமுகத்தைத் தேடிப் போனவனை வயலும் வாழைத் தோட்டமும் வரவேற்றன. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடலைச் சில மைல் அப்பால் தள்ளிவிட்டது. 1968-69-இல் தமிழக அரசின் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் வயது கி.மு. 785 என்று கணக்கிட்டார்கள். வாழைக்குக் கீழே ஒரு பட்டினம் உறங்குகிறது. நான் நின்ற வரப்பில் அன்று தோணி கட்டியிருப்பார்களோ என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. கதாசிரியனுக்கு இந்தச் சிலிர்ப்பு வேண்டும். ஆனால் அது சான்று ஆகாது.

பிறகு யவனர்கள் எழுதியவற்றைப் புரட்டலானேன். அங்கே இன்னோர் அடி. என் கதையில் மதுரை அமைச்சர் யவன நாட்டுக்கு ஓலை அனுப்பி, மூன்றாம் வாரம் பதில் பெறுகிறார்! எகிப்தின் செங்கடல் துறையிலிருந்து ஜூலை மாதவாக்கில் கப்பல் புறப்பட்டால் பருவக் காற்று செப்டம்பரில் மேலைக் கரையில் சேர்க்கும். திரும்ப, காற்று மாறும் மார்கழி வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஓலைக்குப் பதில் வர ஓர் ஆண்டாவது ஆகும். இதற்குள் ஒரு பெண்ணுக்குக் கலியாணமே முடிந்துவிடும். முதலில் சலித்துக்கொண்டேன், பிறகு, இதைவிட நல்ல கதைத் திருப்பம் எனக்குத் தோன்றியிருக்காது என்று உணர்ந்தேன்.

எகிப்திலிருந்து வந்த பெயர் தெரியாத ஒரு வணிகன் முதல் நூற்றாண்டின் நடுவில் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற நூலில் கொற்கையும் வருகிறது. அங்கே பாண்டியனுக்கு உரிய முத்துக் குளிப்பு நடக்கிறது என்று சொல்லிவிட்டு, முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறான். அவ்வளவுதான். அடுத்த வரியில் அவன் வேறு துறைக்குப் போய்விடுகிறான். என்னால் போக முடியவில்லை.

கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதியபோது அவருக்கு உடையார்குடிக் கல்வெட்டு இருந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ரவிதாசன் அங்கிருந்து எழுந்து வந்தவன்தான். என் கைதிக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, செய்த குற்றமும் இல்லை. ரோமாபுரிச் சீமாட்டிகளின் காதில் ஆடிய முத்து மட்டும் இருக்கிறது.

இவனையே கதாநாயகனாக்குகிறேன் என்று நான் எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைக்குச் சொன்னேன். "பாண்டிய நாட்டு முத்து என்றால் வாசகருக்குப் பெருமை. அதில் போய்க் கைதியை முக்குவானேன்? மீனவ இளைஞன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்" என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஓர் அயல்நாட்டு வணிகன் ஒரு வரியில் சொன்னதை நம்பி நம் அரசனைக் கொடியவனாக்கலாமா? சங்கப் பாடல்களில் கொற்கை முத்து எங்கும் மின்னுகிறதே! நான் இரண்டு நாள் ஆடிப்போனேன். மீனவன் என்று வைத்தால் கதைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரியைப் படித்த பிறகு அதைப் படிக்காதவன் போல எழுதினால், நான் கல்தூண் விஷயத்தில் செய்தது அறியாமை, இது வேறு.

பெரியவரிடமே போய்க் கேட்டேன். அவர் வெகு நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

"தம்பி, முத்துக் குளிக்கிறவன் இடுப்புக் கயித்தை மச்சினன் கையிலதான் கொடுப்பான்னு கடற்கரையில சொல்லுவாங்க. தங்கச்சி தாலிக்குப் பயந்து அவன்தான் கயித்தை விடமாட்டானாம். தூத்துக்குடியில 1961-ல முத்துக் குளிப்பு நடந்ததுதான் கடைசி. அது வரைக்கும் அந்தப் பேச்சு இருந்திருக்கும். உங்க ஆளு கைதி. காலில கல்லைக் கட்டிக்கிட்டு இறங்குறான். மேல கயிறு பிடிக்கிறவன் யாரு?"

நான் பதில் சொல்லவில்லை. சங்கரநாராயணர் சந்நிதித் தெரு வழியாக வீட்டுக்கு நடந்தபோது, தோணியின் விளிம்பில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நீரையே பார்த்தபடி ஒருவன் குந்தியிருப்பது எனக்குத் தெரிந்தது. அவன் காவலாளியா, இன்னொரு கைதியா? வீட்டுக்குப் போய் ஆறாம் அத்தியாயத்தை அவனிடமிருந்து ஆரம்பித்தேன்.