வியாவெப்பும் ரெட்டிட்டும்: ஒரே நிரல்மொழி, இரு முடிவுகள்

1990-களின் நடுப்பகுதி வரை, மேசைக் கணினிகளுக்கு மென்பொருள் எழுதிய நிறுவனங்கள் இயங்குதளத்துக்கு இசைந்த மொழியிலேயே, பெரும்பாலும் சி அல்லது சி++ மொழியில், எழுத வேண்டியிருந்தது. இணையம் பரவி, நிரல் பயனரின் கணினியில் அன்றி நிறுவனத்தின் சர்வரில் ஓடத் தொடங்கிய பின்னரே, நிரல்மொழியைத் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை புதுநிறுவனங்களுக்கு வாய்த்தது.

அவ்வுரிமையைத் துணிந்து பயன்படுத்தியது, பால் கிரகாமும் ராபர்ட் மாரிஸும் 1995-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்கிய வியாவெப். வணிகர்கள் பிரவுசர் வழியாகவே இணையக் கடை அமைத்துக்கொள்ள உதவிய அதன் மென்பொருளின் முதன்மைப் பகுதி, 1958-இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிவைத்த லிஸ்ப் மரபில் வந்த காமன் லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலே அதன் ஒரு பகுதியை மட்டும் மாற்றி ஏற்ற அம்மொழி இடந்தந்ததால், வாடிக்கையாளர் தொலைபேசியில் பிழையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்திவிட முடிந்தது. போட்டியாளர்களை வேகத்தால் முந்திய அந்நிறுவனத்தை 1998-இல் யாஹூ ஏறத்தாழ 4.9 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்கியது. பின்னர் அம்மென்பொருளை சி++, பெர்ல் மொழிகளில் மாற்றி எழுதியது.

கிரகாம் பிறருடன் சேர்ந்து 2005-இல் நிறுவிய ஒய் காம்பினேட்டரின் நிதியுதவியுடன் தொடங்கிய இணையத்தளமான ரெட்டிட்டும் காமன் லிஸ்ப் மொழியிலேயே பிறந்தது. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரிலேயே பைத்தானுக்கு மாறியது. நிரல் எழுதப்பட்ட மேக் கணினியிலும், தளம் ஓடிய, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் கொண்ட சர்வரிலும் வெவ்வேறு லிஸ்ப் தொகுப்பிகளை (கம்பைலர்களை) கையாள வேண்டியிருந்ததால் ஓரிடத்தில் ஓடியது மற்றோரிடத்தில் அப்படியே ஓடவில்லை. அத்துடன், அடிக்கடி தேவைப்படும் பணிகளுக்காகப் பிறர் முன்பே எழுதிச் சோதித்துவைத்த நிரல்தொகுதிகளாகிய லைப்ரரிகள் பைத்தானில் மிகுந்தும் லிஸ்பில் அருகியும் இருந்தன.

பத்தாண்டு இடைவெளியில் லிஸ்ப் தன் ஆற்றலை இழந்துவிடவில்லை. அதைச் சூழ்ந்திருந்த தொழிற்களமே மாறியிருந்தது. இணையக் கடைக்குத் தேவையானவற்றுள் பெரும்பகுதியைத் தாமே எழுத வேண்டியிருந்த வியாவெப்புக்கு மொழியின் உள்ளாற்றல் பெரும் பலமாக அமைய, பிறர் எழுதிய நிரல்கள் குவிந்துகிடந்த காலத்தில் தோன்றிய ரெட்டிட்டுக்கு அந்தக் குவியலை எளிதில் எட்டும் மொழியே உதவியது. ஆகவே ஒரு புதுநிறுவனத்தின் மொழித்தேர்வை மதிப்பிடும்போது, அம்மொழியின் இலக்கணத்தோடு, அதைக் கையாளும் சிறு குழுவின் பயிற்சியையும் அக்காலத்தில் கைக்கெட்டிய துணைக்கருவிகளையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.