செங்கல் பொடி

மேட்டூருக்குப் போகிறவர்கள் தண்ணீரைப் பார்ப்பார்கள். நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குக் காரணம் எங்கள் வீட்டுப் பழைய சண்டை ஒன்று.

கோயமுத்தூரில் அப்பாரு வீடு கட்டியபோது, கொத்தனார் சுண்ணாம்புக் காரையில் செங்கல் பொடியைக் கொட்டினாராம். "ஏனுங்க கொத்தனாரே, ஒடஞ்ச செங்கல்லை இடிச்சுப் போட்டுட்டுக் காசு கேக்கறது நாயமுங்களா?" என்றார் அப்பாரு. "பொடி இல்லீன்னா சுண்ணாம்பு நிக்காதுங்க" என்றார் அவர். அப்பாரு கடைசிவரை அதை நம்பவேயில்லை.

அந்தப் பொடிக்குச் சுர்க்கி என்று பெயர். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணையின் கட்டுமானத்திலும் சிமெண்டோடு சுர்க்கி சேர்ந்திருக்கிறது. வெள்ளைக்கார இஞ்சினீயர்களும் நம் கொத்தனார் கட்சிதான் போலும்!

விஷயம் இதுதான். சிமெண்டு தண்ணீரோடு கூடி இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு வேலையற்று மிஞ்சிப் போகிறது. கசியும் நீர் அதைக் கரைத்து இழுத்து வரும். காற்று பட்டதும் அது சுவரில் வெள்ளைத் தாடியாய்ப் படியும். உள்ளேயோ, சுண்ணாம்பு போன இடம் சல்லடை. சுட்ட களிமண்ணிலுள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் புதிய பசையாக மாறுகிறது. ரோமாபுரிக்காரர்கள் இதே காரியத்துக்கு எரிமலைச் சாம்பலைப் பயன்படுத்தினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பொடியாக இருந்தால் காக்கும் அதே சிலிக்கா, ஜல்லிக் கல்லுக்குள் சில வடிவங்களில் இருந்தால் பகையாகிவிடும். சிமெண்டின் காரம் பட்டுக் கூழாகி, நீரை உறிஞ்சி உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். 1940-இல் கலிபோர்னியாவில் ஸ்டாண்டன் என்பவர் இதைக் கண்டு சொன்னார். நம் நாட்டில் ஹிராகுட், ரிஹாண்ட் அணைகளுக்கு இந்த நோய் வந்தது. நோய்க்கு முன்மருந்துகளில் ஒன்று, மறுபடியும் அந்தச் சுட்ட மண் பொடிதான்.

சர்வரோக நிவாரணி என்று சொல்ல மாட்டேன். 1895-இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுந்த முல்லைப் பெரியாறு அணையிலும் சுண்ணாம்பு கரைந்து வந்தது. 1979-க்குப் பிறகு அதற்கு கான்கிரீட் தொப்பியும், இரும்பு வடங்களும், பின்புறச் சுவரும் போட்டுப் பலப்படுத்தினார்கள்.

சுர்க்கியின் வேலையை இன்று அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் செய்கிறது. மேட்டூரிலேயே அப்படி ஒரு நிலையம் 1987 முதல் சாம்பலைக் குவித்து வருகிறது. போன வருஷம் மாடியில் ஓர் அறை கட்டினேன். சிமெண்டு மூட்டையின் மேலேயே சாம்பல் கலந்தது என்று அச்சிட்டிருந்தது.

"ஏனுங்க கொத்தனாரே..." என்று ஆரம்பித்தவன், சட்டென்று வாயை மூடிக்கொண்டேன்.