"டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்" - ஒரு தவறின் வரலாறு

போன மாதம் ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வு. எனக்கு முன்னால் போனவன் எங்கள் வகுப்புக்காரன், திண்டிவனம் பக்கத்துக் கிராமம். "உன்னைப் பற்றிச் சொல்" என்றிருக்கிறார்கள். "டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ். மை ஃபாதர் இஸ் ஹேவிங் டூ கவ்ஸ்" என்று ஆரம்பித்திருக்கிறான். எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே, "எப்போதிலிருந்து எழுந்திருப்பதாக உத்தேசம்?" என்று கேட்டாராம். அதோடு அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. விழுப்புரம் வரும் வரைக்கும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் சொன்னது தப்புதான். ஆனால் அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று தேடப்போக, எனக்கு ஆச்சரியமாகிவிட்டது.

முதலில் அந்த 'வில்'. தமிழில் "தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன்" என்றுதான் சொல்வோம். எழுந்திருப்பேன் என்பது எதிர்கால வினை. ஆனால் சொல்வதோ பழக்கத்தை. "நெருப்பு சுடும்" என்பதும் அப்படித்தான். நாளைக்குச் சுடும் என்றா அர்த்தம்? இதற்குக் காரணம் ரொம்பப் பழசு. தொல்காப்பியம் காலம் மூன்று என்று சொன்னாலும், நிகழ்காலத்துக்கு என்று நாம் இன்று போடும் 'கின்று', 'கிறு' சங்கப் பாடல்களில் மிக மிக அரிது. நடந்து முடிந்ததற்கு ஒரு வடிவம், முடியாதது எல்லாவற்றுக்கும் இன்னொரு வடிவம். நடக்கிறது, வழக்கமாக நடப்பது, நடக்கப்போவது எல்லாம் அந்த இரண்டாவதில் அடங்கிவிடும். நிகழ்காலத்துக்குத் தனி இடைநிலை பிற்பாடு பரவியது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் 'ஆநின்று, கின்று, கிறு' என்று மூன்றும் பட்டியலாகவே வந்துவிடுகின்றன. (பவணந்தி சமணர். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் மேல்சித்தாமூர், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. என் நண்பனின் ஊரிலிருந்து சைக்கிளில் போய்விடலாம்!)

புது வடிவம் வந்தாலும் பழையது பழக்கத்தைச் சொல்லும் வேலையை விடவில்லை. அதைத்தான் அவன் 'வில்' என்று மாற்றிப் போட்டான்.

அடுத்தது 'இஸ் ஹேவிங்'. எங்கள் பக்கத்துப் பேச்சில் "அப்பா ரெண்டு மாடு வச்சிக்கினு இருக்காரு" என்போம். எழுத்தில் 'வைத்துக்கொண்டிருக்கிறார்'. ஒரு எழுத்து பிசகாமல் ஆங்கிலத்தில் போட்டால் ஹேவிங்தான் வரும்.

ஆனால் பழியை முழுக்கத் தமிழ் மேல் போட முடியாது. பள்ளிக்கூடத்துக்கும் பங்கு உண்டு. 1950களில் சென்னை மாகாணப் பள்ளிகளில் ஆங்கிலத்தை வாக்கிய அமைப்பு அமைப்பாகச் சொல்லிக்கொடுக்கும் பாடத்திட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில், ஆரம்ப வகுப்புகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் பெரிய திட்டம் ஒன்றும் தொடங்கியது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் பலருக்கு என்று பெருகிக்கொண்டே போனதால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்று பெயர். (பனியே பெய்யாத ஊருக்குப் பனிப்பந்து!)

இந்த முறையில் அர்த்தத்தைச் செய்து காட்ட வேண்டும். எதைச் செய்து காட்ட முடியும்? ஆசிரியர் கரும்பலகையை நோக்கி நடந்தபடியே "ஐ ஆம் வாக்கிங் டு த போர்டு" என்பார். பையன் கதவைத் திறந்துகொண்டே "ஐ ஆம் ஓப்பனிங் த டோர்" என்பான். பழக்கத்தையோ உடைமையையோ இப்படி நடித்துக்காட்ட முடியாது. அதனால் 'இங்' முதலில் வந்து மனதில் உட்கார்ந்துகொண்டது. கண்ணுக்கு முன்னால் நடப்பதை யாராவது வாயாலும் சொல்லிக்கொண்டே செய்வார்களா என்று மொழியியலாளர் விடோசன் 1978இல் வந்த தன் புத்தகத்தில் இந்த மாதிரிப் பாடத்தைத்தான் விமர்சித்தார். 1979இல் என்.எஸ்.பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் வேறு வழியைச் சோதித்துப் பார்த்தார். இலக்கணத்தைத் தனியாகச் சொல்லித்தராமல், ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போட வைத்தார். நாங்கள் படித்ததென்னவோ பழைய வழியில்தான்.

சரி, சிரித்தவரின் ஆங்கிலம் மட்டும் ஆதியிலிருந்தே ஒழுங்காக இருந்ததா? பழைய ஆங்கிலத்திலும் வினைக்கு இரண்டே காலம்தான், இறந்த காலமும் மற்றதும். எதிர்காலத்துக்குத் தனி வடிவம் கிடையாது. 'வில்' என்றால் விரும்புவது, 'ஷல்' என்றால் கடமைப்பட்டிருப்பது. இரண்டையும் எங்கே போடுவது என்று 1653இல் ஜான் வாலிஸ் விதி எழுதினார், அதுவும் லத்தீன் மொழியில்! ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் பொலோனியஸ், கையில் புத்தகத்தோடு இருக்கும் இளவரசனிடம் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்கும்போது 'இங்' போடவே மாட்டார். இன்றைக்கு நம் வகுப்பில் அப்படி எழுதினால் சிவப்பு மைதான். வீடு 'இஸ் பீயிங் பில்ட்' என்ற அமைப்பு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டியது. 19ஆம் நூற்றாண்டில் அதைக் கொச்சை என்று திட்டிய இலக்கணக்காரர்கள் இருந்தார்கள்.

இன்னொன்று. "மழை பெய்யப் போகிறது" என்று நாமும் 'போ'வை வைத்து எதிர்காலம் செய்கிறோம். "இட் இஸ் கோயிங் டு ரெயின்" என்று அவர்களும் அதே 'போ'வை வைத்துச் செய்கிறார்கள். "நாளைக்கு சென்னை போறேன்" என்பதும் "ஐ ஆம் கோயிங் டு சென்னை டுமாரோ" என்பதும் அப்படியே பொருந்தும். இந்த இடத்தில் நம்ம பையன் தப்பே செய்யமாட்டான். அதை யாரும் கவனிப்பதில்லை.

காலத்தை மாற்றிச் சொல்வதற்கு நன்னூலிலேயே அனுமதி உண்டு. அவசரம், உறுதி போன்ற காரணம் இருந்தால் ஒரு காலத்தை இன்னொன்றாகச் சொல்லலாம். இன்னும் சாப்பிடாதவன், கிளம்பலாமா என்று ஒருவன் அவசரப்படுத்தினால், "உண்டேன், வந்தேன்" என்பான் என்று பழைய உரைகாரர்கள் உதாரணம் காட்டுவார்கள்.

நேற்று அடுத்த கம்பெனிக்குப் போக, விழுப்புரம் ஜங்ஷனில் நின்றுகொண்டு அவனுக்குப் போன் செய்தேன். "இதோ வந்துட்டேன் மச்சான்" என்றான். பின்னால் மாடு கத்துவது கேட்டது.